சேஃப்டி மீட்டிங்கில் என்னை உதாரணம் காட்டினார்கள்

1. இருமல்

கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் சூப்பர்வைசர் நான். பம்பை டெஸ்ட் பெட்டில் ஏற்றி, தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றுகிறது, எவ்வளவு கொட்டுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்து அனுப்புவது வேலை. முப்பத்து நாலு வயதில் இருமல் வந்தது. தூசி அலர்ஜி என்றார்கள். அப்புறம் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள்.

"சிகரெட் புடிப்பீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"அப்பப் பயப்பட ஒண்ணுமில்லை."

அந்த 'அப்ப'விலேயே மாதங்கள் ஓடின. முதுகு வலி தாங்காமல் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது: நுரையீரல் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ், முதுகெலும்பு வரைக்கும் போயிருந்தது. ஜீன் டெஸ்ட் பார்த்து தினமும் ஒரு மாத்திரை எழுதினார்கள். குணமாகாது, அடக்கி வைக்கும்.

2. விசாரணை

தாராபுரத்திலிருந்து மாமனார் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். காதோடு கேட்டார்: "மாப்ள, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எத்தனை வருசமாப் புடிக்கறீங்க?"

என் மனைவி கவிதாவுக்குக் கேட்டுவிட்டது. "அப்பா, இவரு பீடி நாத்தம் அடிச்சாலே பஸ்ல சீட்டு மாறி உக்காருவாருங்க!"

அவர் நம்பவில்லை. மாத்திரையால் முகமெல்லாம் கொப்புளம், வயிற்றுப்போக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அக்கம்பக்கம், சொந்தபந்தம், லேப் டெக்னீஷியன் என்று ஆளாளுக்கு இதையே கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

3. மீட்டிங்

ஓரளவு தேறி வேலைக்குத் திரும்பிய வாரம் சேஃப்டி மீட்டிங். ஜி.எம். மைக்கில் சொன்னார்: "நம்ம சரவணனைப் பாருங்க. தங்கமான ஆளு. சிகரெட் என்ன பண்ணிப்போடுச்சு பாத்தீங்களா?"

எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"மன்னிச்சுக்கங்க சார். நான் ஒண்ணுகூடப் புடிச்சதில்லீங்க. புடிக்கறவங்க விட்டுப்போடுங்க, நல்லது. ஆனா நான் புடிக்கமாட்டேன்னுதான் யாரும் ஸ்கேனே எடுக்கலை. அதுக்குள்ள பரவிப்போச்சுங்க."

நடுவில் இருமல் வேறு. யாரும் கை தட்டவில்லை. ஜி.எம். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ பிரேக்கில், மோட்டாருக்குக் காயில் சுற்றும் வைண்டிங் செக்‌ஷன் மல்லிகாக்கா வந்தார். "ஏனுங்க தம்பி, எனக்குந்தான் ரொம்ப நாளா இருமலுங்க. மருந்துக்கடைல டானிக் வாங்கிக் குடிச்சுட்டிருக்கேன். எடையும் கொறையுது. நமக்கென்ன, புடிக்கறவங்களுக்குத்தான் பயம்னு இருந்துபோட்டேன்."

ஜி.எம்.மிடம் கார் கேட்டேன். மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார். எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எல்லாம் எடுத்தோம். டி.பி. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றதும் அக்கா அங்கேயே அழுதுவிட்டார். எனக்கும் நிம்மதி. கூடவே, கொஞ்சம் பொறாமை.

விவரம் சொல்ல ஜி.எம்.முக்கு போன் போட்டேன். டி.பி. என்றேன்.

"ஏந்தம்பி, அந்தம்மா புடிக்குமா?"

போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மல்லிகாக்கா இப்போது வேலைக்கு வருகிறார். நானும் மாத்திரை வேலை செய்கிற வரை டெஸ்ட் பெட்டில் நிற்பேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பக்கத்து மெஷின்காரருக்கு இருமல் நிற்கவில்லையென்றால் அவர் பழக்கவழக்கத்தைத் துருவாதீர்கள். எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போங்கள்.