சேவலுக்கு வெச்ச காவல்

எங்க ஊட்டுக்காரர் என்னைக்கூட அப்படிப் பார்த்துக்கிட்டதில்லை, அந்தச் சேவலைப் பார்த்துக்கிட்டார். யுத்த காலம். சனங்களுக்கே சோளம் ரேஷன்ல அளந்து போடறாங்க, எங்க ஊட்ல சேவலுக்குப் பாதாம்பருப்பு ஊறுது. நொச்சித்தழை போட்டுக் காய்ச்சின தண்ணியில ஒத்தடம், மிளகும் பூண்டும் தட்டின உருண்டை, பொழுதோட கிணத்துல நீச்சல். முணுமுணுத்துக்கிட்டே எல்லாம் நான்தான் செஞ்சு கொடுத்தேன். கருஞ்சேவல், பார்க்க நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

பொங்கல் கழிஞ்சு நடக்கிற சேவக்கட்டுல அதை எங்கண்ணன் சேவலோட சண்டைக்கு விடறதாப் பேச்சு. எங்கண்ணன் இருந்தது ஜேடர்பாளையத்துல. ரெண்டு பேரும் பந்தியில பக்கத்துல உக்காந்து சாப்பிடுவாங்க, சேவல்னு வந்துட்டா ஒருத்தரை ஒருத்தர் நம்பமாட்டாங்க. "உங்கண்ணன் ஆள் உட்டு இதுக்கு மருந்து வெச்சிருவான் பாரு"ன்னு இவர் ஆரம்பிச்சார். சேவலைக் கொண்டுபோய் தானியம் கொட்டுற அறையில போட்டுப் பூட்டினார். கண்ணு படுமாம், சன்னலுக்குச் சாக்கு. சாவி அவர் அரைஞாண் கயித்துல.

கொஞ்ச நாள்ல கொண்டை வெளுத்துப்போச்சு. தீனியைக் கொத்தறதில்லை, மூலையில தூங்கி வழியுது. அவருக்குச் சந்தேகம் இன்னும் ஏறிடுச்சு. சேலத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னேன். "அந்த டாக்டர் உங்கண்ணன் எருமைக்கு ஊசி போட்டவன்." நாட்டு வைத்தியர் கொடுத்த மாத்திரையைச் சாக்கடையில வீசினார். கேட்டுக் கேட்டு எனக்கே எங்கண்ணன் மேல ஒரு சந்தேகம் ஓடிப்போச்சு. கூடப் பொறந்தவனை அப்படி நெனைக்க வெச்சுட்டாரேன்னு ஆத்திரமா வந்தது.

அந்தச் சமயத்துல ஆத்தூர்ப் பக்கம் அவர் சொந்தத்துல ஒரு சாவு. காரியம் முடிய அங்கேயே இருந்தாகணும். வேற வழியில்லாம சாவியை என் கையில கொடுத்தார். "தீனி வெச்சுட்டு உடனே சாத்திரு. வெளிய உட்டே, அப்புறம் இருக்கு."

அவர் தலை மறைஞ்சதும் கதவைத் திறந்து உட்டுட்டேன். கோழின்னா குப்பையைக் கெளறணும், மண்ணுல பொரளணும், பொட்டைகளோட மேயணும். இருட்டுல அடைச்சு வெச்சா மனுசனுக்கே சீக்கு வரும். மொதல்ல வெயிலுக்குக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நின்னுது. அப்புறம் குப்பைமேட்டுல கரையானைக் கண்டுது. அவர் திரும்பி வர்றப்போ வேலிமேல நின்னு ஊரைக் கூட்டிக்கிட்டிருந்தது.

ஒரு நல்ல வார்த்தை சொல்வார்னு நின்னேன். சேவலைத் தூக்கிக் கண்ணை விரிச்சுப் பார்த்தார், றெக்கையைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாரு சொல்லித் திறந்து உட்டே?"

"யாரும் சொல்லலீங்க. வெயில் பட்டாத் தேறும்னு எனக்கே தோணுச்சு."

"இவ்வளவு சுருக்கா எப்படித் தேறும்? மருந்து வெச்சவங்களுக்குத்தானே அதை எடுக்கத் தெரியும்."

மூணு புள்ளை பெத்தவ நான். அடுப்படிக்குப் போய்க் களியைக் கிண்டினேன், கீரை கடைஞ்சேன். கை கால் கழுவிட்டு வந்து உக்காந்தார். தட்டை வெச்சேன். அவர் கை வைக்கலை. தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ ஒரு வாய் தின்னு."

தின்னேன். அது உள்ள இறங்கற வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கிட்டிருந்தார்.