கையுறைக் கணக்கு

படித்துப் படித்துக் கடைசியில் எலிக்கு விஷம் வைக்கும் வேலைதானா கிடைத்தது என்று தங்கை குட்ருன் எல்கேரை அண்ணன் கேலி செய்வாராம். எலி எந்த அளவில் சாகிறது என்பது தனக்கு முக்கியமில்லை, எந்த அளவு வரை அதற்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் முக்கியம் என்பார் குட்ருன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல வருடம் அதைத் தேடினார். எண்பதுகளின் தொடக்கத்தில், பூச்சிமருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எங்கள் கோபன்ஹேகன் அலுவலகத்துக்கு வந்து எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தார்.

கம்பெனிகள் பெட்டி பெட்டியாக ஆய்வறிக்கைகளை அனுப்பும். எலிக்கு ஒன்றும் ஆகாத அளவில் நூறில் ஒரு பங்கை மனிதருக்கு எல்லையாக வைப்போம். மருந்தோடு புழங்குகிறவர் உடம்பில் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டு, எல்லைக்குள் இருந்தால் அனுமதி கொடுப்போம். குட்ருன் ஒரு பக்கத்தையும் சும்மா புரட்ட மாட்டார். அட்டவணையில் ஓர் எலி குறைந்தால்கூடக் கம்பெனியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அது எங்கே போயிற்று என்று கேட்பார்.

தொட்டிச்செடிகளிலும் வயல்களிலும் பூஞ்சாணம் பிடிக்காமலிருக்க அடிக்கும் ஒரு மருந்து அவரிடம் வந்தது. சினை எலிகளுக்கு அதிகமாகக் கொடுத்தால் குட்டிகள் குறையோடு பிறந்தன. ஆனால் செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடங்களில் எல்லோரும் கையுறை போடுவதால் தோலில் படுவது மிகக் கொஞ்சம் என்று கம்பெனி கணக்குக் காட்டியது. எல்லோரும் அன்று ஏற்றுக்கொண்ட கணக்குதான். குட்ருன் கையெழுத்துப் போட்டார்.

சில வருடம் கழித்து ஓடென்ஸேயில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது, பக்கத்திலிருந்த கண்ணாடிக்கூடம் ஒன்றைப் பார்க்க எங்களை அழைத்துப் போனார்கள். நீண்ட மேஜைகளில் குட்டி ரோஜாத் தொட்டிகள். பெண்கள் வரிசையாக நின்று வேண்டாத மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கையுறைகள் புதுக்கருக்குக் குலையாமல் சுவரில் தொங்கின. ஏன் போடவில்லை என்று குட்ருன் கேட்டார்.

வரிசையில் மூத்தவளான யூட்டெ, "இதப் போட்டுட்டுக் கிள்ளினா மொட்டுக்குப் பதிலா தளிர்தான் வரும். நீயே போட்டுப் பாரேன்," என்றாள்.

குட்ருன் போட்டுப் பார்த்தார். கிள்ளிய தொட்டியெல்லாம் மொட்டையானது. இவளை வேலைக்கு வைத்தால் முதலாளி திவாலாகிவிடுவார் என்று பெண்கள் சிரித்தார்கள். குட்ருனும் சிரித்தார். பிறகு அந்தப் பூஞ்சாண மருந்தை எப்போது அடித்தீர்கள் என்று கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்றார்கள். வரிசையின் கடைசியில் நின்றவள் நிறைமாதமாக இருந்தாள்.

திரும்பும் ரயிலில் குட்ருன், "கையுறை போட்ட கைக்குத்தான் நான் அனுமதி குடுத்தேன். அப்படி ஒரு கையே அங்க இல்ல," என்றார்.

எங்கள் மேலாளர் ப்ரெபென் கெட்டவரல்ல. அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று குட்ருன் கேட்டபோது, மருந்து எப்படியும் மறுபரிசீலனைக்கு வரும், அதுவரை பொறுக்கலாமே என்றார். "உன் கையெழுத்த நீயே அடிச்சா, நீ போட்ட மத்த கையெழுத்தையும் சந்தேகப்படுவாங்க, குட்ருன்."

"படட்டும். எடுத்துப் பார்க்கட்டும்," என்றார் குட்ருன்.

பெண்களின் கைகளில் படுவதையும் சிறுநீரில் இறங்குவதையும் அளக்க அவர் மறுபடி அங்கே போனபோது வரவேற்பு இல்லை. யூட்டெ, குட்ருன் நீட்டிய சிறுநீர்க் குப்பியைக் கையில் வாங்காமலே பேசினாள். "மருந்த நிறுத்தினா செடி அழுகும். எங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்ப உன் எல்லைய வச்சு நாங்க என்ன பண்றது?"

"எனக்குத் தெரியல," என்றார் குட்ருன். "ஆனா உன் உடம்புல எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியணும். தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் என்னத் திட்டு."

யூட்டெ அவரை முறைத்துவிட்டுக் குப்பியை வாங்கிக்கொண்டாள். மற்றவர்களும் வாங்கினார்கள். அளந்து பார்த்ததில் எல்லையைவிடப் பல மடங்கு இருந்தது.

விசாரணைக் குழுவில் கம்பெனியின் வக்கீல், இந்த மருந்துக்கு முதலில் அனுமதி கொடுத்தது யார் என்று தெரியாதவர் போலக் கேட்டார். நான்தான் என்றார் குட்ருன். அன்று தப்புச் செய்தவர் இன்று சரியாகச் செய்திருப்பார் என்று எப்படி நம்புவது என்று வக்கீல் மடக்கினார்.

"அன்னைக்கு நான் போய்ப் பார்க்கல. இப்ப பார்த்திருக்கேன்."

கையால் புழங்கும் செடிகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. டிராக்டரில் தெளிக்கும் வயல்களுக்குத் தடை வேண்டாம், அங்கே அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது என்று குட்ருனே வாதாடினார். அதற்காகப் பத்திரிகைகள் அவரைக் கம்பெனியின் ஆள் என்று எழுதின. அந்த இலையுதிர்காலத்தில் நிறையச் செடி அழுகியது. சின்னக் கூடங்கள் சில மூடப்பட்டன. யூட்டெயின் கூடம் காற்றோட்டத்தைக் கூட்டி, காலையில் மட்டும் தண்ணீர் விட்டுத் தப்பியது. அன்று வரிசையின் கடைசியில் நின்ற நிறைமாதக்காரிக்கு அதற்குள் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு குழந்தையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார் குட்ருன். ஆனால் குழந்தை எவ்வளவு எடை என்று இரண்டு தடவை கேட்டார்.

அதன் பிறகு எந்த மருந்து வந்தாலும், அது புழங்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் அவர் பேனாவை எடுத்ததில்லை. ஓய்வு பெறும் வருடத்தில்கூட ஜட்லாந்தில் ஓர் உருளைக்கிழங்கு வயலுக்குப் போனோம். தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டது. விவசாயி அதைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, திரும்ப மாட்டினார்.

எப்போதும் இப்படித்தானா என்று குட்ருன் கேட்டார்.

"அடைச்சா ஊதத்தானே வேணும்," என்றார் அவர்.

குட்ருன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.