லியோனார்ட் சிவக்க வைத்த ஏழு பேர்

சிம்பாங் பூலாயில் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் அந்த மீ நூடுல்ஸ் கம்பெனியில் லியோனார்ட் பதினான்கு வருஷம் மீ அவித்தார். கொதிக்கிற தொட்டியருகே நின்று நின்று மனிதரே பாதி வெந்துவிட்டார் என்பாள் மனைவி விவியன். இரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டுப் போக, கம்ப்யூட்டரை அதட்டத் தெரிந்த ஒரே ஆள் என்று முதலாளியான சீனத் தவுக்கே இவரை ஏர்கோன் அறையில் உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், கோப்பெங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தன் பரம்பரையிலேயே வேலை நேரத்தில் குளிரால் நடுங்கியவன் தான் ஒருவன்தான் என்று லியோனார்ட் பெருமைப்பட்டார்.

பெருமைக்கு ஆபத்து டைபாய்டு ஊசியால் வந்தது. சாப்பாட்டுச் சாமான் செய்யும் இடத்தில் எல்லோரும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். போன வருஷம் ஒருவருக்குத் தவணை தாண்டியதைச் சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்து, கம்பெனியைப் பதினான்கு நாள் மூடிவிட்டார்கள். திறந்த அன்று தவுக்கே சத்தம் போடவில்லை. ஊசிப் பட்டியல் இனி லியோனார்ட் பொறுப்பு, இன்னொரு தடவை தவறினால் தொட்டிப் பக்கம் ஆள் குறைவாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

லியோனார்ட் யூடியூப் பார்த்து எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதினார். கோப்பைத் திறந்ததும் அது ஒவ்வொருவர் தவணைத் தேதியையும் அன்றைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். முப்பது நாளுக்குள் இருந்தால் பெயர் சிவக்கும். முதல் தடவை பெரிது சிறிது குறியைத் திருப்பிப் போட்டதில், ஊசி போட்டவர்கள் எல்லாம் சிவந்து, போட வேண்டியவர்கள் கறுப்பில் நிம்மதியாக இருந்தார்கள். திருத்தியதும் ஏழு பேர் மட்டும் சிவந்தார்கள். கிளினிக் வேன் வந்து ஒரே நாளில் குத்திவிட்டுப் போன ஏழு பேர். தவணையும் ஒரே வியாழக்கிழமை. அச்சடித்துப் பஞ்ச் கார்டு மெஷினுக்கு மேல் ஒட்டினார்.

அரை மணி நேரத்தில் தவுக்கே வந்து நின்றார். ஏழில் முதல் பெயர் அவருடைய தாயார் மேடம் வோங். எழுபத்தாறு வயதிலும் பேக்கிங் பகுதியை மேய்ப்பவர். உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது சீனர் வீடுகளில் ஆகாது.

"லியோனார்ட், எங்கம்மா இன்னும் சாகலலா," என்றார் தவுக்கே, தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த தமிழில்.

பச்சையாக்கினார். ஊரில் இடைத்தேர்தல் நேரம், பச்சை ஒரு கட்சியின் கொடி நிறம். லோரி ஓட்டும் ரோய்ஸ்டன் பட்டியலை நின்று படித்துவிட்டு, இந்த ஏழு ஓட்டும் எந்தக் கட்சிக்கு அண்ணே என்று விசாரித்தான். மஞ்சளாக்கினார். பிரிண்டரில் மை குறைவு, ஏழு பெயரும் தாளிலிருந்தே மறைந்துவிட்டன. மீ கட்டும் குழந்தையம்மாள் கேண்டீனில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசம் வேல பாத்தேன் தம்பி. பேர எடுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

வீட்டில் விவியன்தான் வழி சொன்னாள். "பேர ஏன் நோண்டுறீங்க? தேதிய செவப்பாக்குங்க. தேதிக்கு ஏது அம்மா?"

மேக்ரோவில் ஓர் எழுத்தை மாற்றியதும் பெயர்கள் கறுத்து, தேதிகள் சிவந்தன. ஒரே தாளில் அடங்கட்டும் என்று, 'ஊசித் தவணை' என்றிருந்த தலைப்பு வரிசையையும் அழித்தார். இந்த முறை ஒருவரும் முறையிடவில்லை. சிலர் பட்டியலைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். லியோனார்ட் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமைக்கே கிளினிக் வேனுக்குச் சொல்லிவைத்தார். யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை. எப்படியும் வேலைக்கு வரத்தானே போகிறார்கள்?

வியாழக்கிழமை வேன் வந்தது, டாக்டர் வந்தார், ஊசி வந்தது. அந்த ஏழு பேரும் வரவில்லை. லியோனார்ட் குழந்தையம்மாளுக்குப் போன் போட்டார்.

"நீங்கதானே தம்பி செவப்புல போட்டீங்க? காலண்டர்ல செவப்புன்னா லீவுதானலா. மேடமே வரல, எனக்கு மட்டும் என்ன?"

லியோனார்டின் காதில் தொட்டி கொதிக்கும் சத்தம் கேட்டது. டாக்டரிடம் கெஞ்சி வேனில் ஏறிக்கொண்டார். கோப்பெங் சந்தையில், கையில் மீனோடு நின்ற குழந்தையம்மாளுக்கு ஒரு குத்து. சலூனில் பாதித் தலைக்குச் சாயம் பூசியிருந்தவருக்கு ஒரு குத்து. வேனைக் கண்டதும் வீட்டுப் பின்வாசலால் நழுவப் பார்த்த ஒருவரை அவர் பெண்டாட்டியே பிடித்துக் கொடுத்தாள். ஏழாவது ஆள் மேடம் வோங் மாஜோங் ஆடிக்கொண்டிருந்தார். காய்களை விட்டுக் கண்ணெடுக்காமல் சட்டைக் கையை மட்டும் மேலே இழுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள், பட்டியலைப் புரட்டினார்கள், குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தவுக்கே லியோனார்டின் தோளைத் தட்டப் போன நேரத்தில் மேடம் வோங் உள்ளே வந்தார். லீவு நாளில் கம்பெனி வேலையாக ஊசி போட்டுக்கொண்டதற்கு மாற்று லீவு எங்கே என்று மகனைக் கேட்டார். அவருக்குப் பின்னால் குழந்தையம்மாளும் மற்ற ஐவரும் வரிசையில் நின்றார்கள். தவுக்கே தாயாரைப் பார்த்தார், பிறகு லியோனார்டைப் பார்த்தார்.

லியோனார்ட் ஏர்கோனின் குளிரை ஒரு புள்ளி கூட்டிவிட்டு, நாற்காலியை மேசையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஏழு லீவுக் கடிதங்களில் முதலாவதை அடிக்கத் தொடங்கினார்.