என் எண்ணில் பேசிய தேங்காய் வியாபாரி

மகள் பிறந்து, பிரசவ விடுப்பில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. சிரிப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

எனக்கு ராஜபாளையத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பெரிய நிறுவனங்கள் போன் இணைப்பு, இன்டர்நெட், கம்ப்யூட்டர் புரோகிராம்கள் என்று எதெதற்கு வீணாகச் செலவழிக்கின்றன என்று கண்டுபிடித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் எங்களுடையது. யாரும் பேசாத போனுக்கு எதற்கு மாதா மாதம் கட்டுகிறீர்கள், யாரும் திறக்காத கணக்கு எதற்கு என்று அது கேட்கும். அனுமதி கொடுத்துவிட்டால் தானாகவே நிறுத்தியும் விடும். இதை யாருக்கும் புரியவைக்க முடியாது என்பதால், யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல வேல" என்று அம்மா முடித்துவிடுவாள்.

நான் விடுப்பில் இருந்த நேரத்தில், ஊருக்கெல்லாம் விற்பதை நாமும் பயன்படுத்திப் பார்ப்போமே என்று எங்கள் கம்பெனிக்கு ஞானோதயம் வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. கம்பெனி கொடுத்த போனை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சொந்த போனோடு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தொந்தரவுதான். பிள்ளைக்கு ஆன்லைனில் எது வாங்கினாலும் வீடு வந்து சேராது. "போன் செய்தோம், வாடிக்கையாளர் திட்டினார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் யாரைத் திட்டினேன்? கொரியர்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஒரு நாள் காலையில் வாசலில் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. வெள்ளைக் கைலியும் தொப்பியுமாக ஒரு பெரியவர் இறங்கி, கையில் போனோடு நின்றார்.

"கம்ப்யூட்டர் கம்பெனில வேல பாக்குத, கைப்பிள்ளக்காரப் பொண்ணு வீடு இதானா?"

நான்தான் என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"ஏந்தாயி, ஒனக்கு எம்புட்டு போன்தாம்மா வரும்? நான் சேத்தூர்ல தேங்கா ஏவாரம் பாக்கேன். புது நம்பர் வாங்கி ரெண்டு மாசமாச்சு. ஒரு லோடு வெல பேச முடியல. பார்சல் வந்திருக்குங்கான், லோன் வேணுமாங்கான், கூடப் படிச்சவங்கான். நான் ஒன் புருசன்னு நெனச்சுக்கிட்டு ஒரு அம்மா அரை மணி நேரம் கஷாயம் எப்படிப் போடணும்னு சொல்லுதாவ!"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் எண்ணைச் சொன்னார். என் கம்பெனி எண். ஆன்லைன் கடைகளிலிருந்து சொந்தக்காரர்கள் வரை எல்லாரிடமும் பல வருஷமாக நான் கொடுத்து வைத்திருந்தது அந்த எண்தான். பீரோவைத் திறந்து அந்த போனை எடுத்து சார்ஜ் போட்டுப் பார்த்தேன். சிக்னலே இல்லை. நான் பேசாததால் 'பயன்படாத இணைப்பு' என்று எங்கள் சாஃப்ட்வேர் அதை நிறுத்தி, போன் கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கிறது. அவர்கள் அதை இவருக்கு விற்றுவிட்டார்கள்.

"அதச் சொல்ல வரல தாயி. நேத்து ஒரு மெசேஜ் வந்துச்சு. எம்மக படிச்சுட்டு, 'அத்தா, அந்த அக்காவுக்கு வேல போயிரும் போலருக்கு'ன்னா. மனசு கேக்கல. பார்சல்காரன் ஒருத்தன் மடவார் வளாகம்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இந்தப் பக்கம் லோடு எறக்க வந்தவன், கோயில்கிட்ட விசாரிச்சு வாரேன்."

போனை நீட்டினார். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புவதை இன்றைக்குள் உறுதி செய்யாவிட்டால், நானாகவே விலகிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம். ஏற்கெனவே மெயிலில் பலமுறை நினைவூட்டினார்களாம். எந்த மெயிலில்? அதையும் யாரும் திறக்கவில்லை என்று மூடியிருக்கிறார்கள்!

மெசேஜில் இருந்த லிங்க்கை அழுத்தினால் கம்பெனிக் கணக்கு கேட்டது. அது செத்துப்போயிருந்தது. உதவி எண்ணுக்கு அடித்தேன். பேசியது மெஷின். உங்கள் பதிவு எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரின் போன் 'டிங்' என்றது. அவர் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கேம்மா..."

"பாய், அது எனக்குத்தான் பாய்!"

கொஞ்சம் யோசித்துவிட்டுப் படித்தார். நானும் அழுத்தினேன். உங்கள் கணக்கு பயன்பாட்டில் இல்லை, அலுவலக மெயில் மூலம் தொடர்புகொள்ளவும் என்று சொல்லி மெஷின் போனை வைத்துவிட்டது. எங்கள் டீம் லீடருக்கு அடித்தால் மீட்டிங்கில் இருந்தார் போல, எடுக்கவே இல்லை. கூட வேலை பார்க்கும் தோழிகளும் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். எட்டு வருஷம் அங்கே உழைத்திருக்கிறேன்.

"அழுதா கதவு தொறக்குமாட்டி? பிள்ளையத் தூக்கிட்டு நேர்ல போ" என்றாள் அம்மா.

"நான் ராஜபாளையம் வழியாத்தான் போறேன். ஏறு தாயி" என்றார் பாய்.

குட்டியானையின் முன் சீட்டில், மடியில் மகளோடு போய் இறங்கினேன். வாசலில் என் அட்டையைக் காட்டினால் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. காவலாளி என்னைப் பார்த்ததும் சிரித்தார், பிள்ளையைக் கொஞ்சினார், ஆனால் கதவைத் திறக்கவில்லை.

"மெஷின் ஒத்துக்கிட மாட்டேங்குதே மேடம். நானாத் தொறந்தா என் வேல போயிரும்."

பார்வையாளராகப் போகிறேன் என்றேன். உள்ளே இருப்பவர் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டுமாம். பிள்ளை பசியில் வீறிட ஆரம்பித்தாள். கடைசியில் காவலாளியே, "அட்டைக்குப் பதிலா மெஷின்ல உங்க பழைய போன் நம்பரப் போட்டுப் பாருங்களேன்" என்றார். பாயின் போனுக்கு ஓடிபி வந்தது. இந்த முறை அவர் யோசிக்கவில்லை, சத்தமாகவே படித்தார். திரையில் 'நல்வரவு' என்று என் பெயர் வந்தது! அட்டை முதல் எல்லாவற்றையும் நிறுத்தியவர்கள், வாசல் மெஷினின் போன் எண் பட்டியலிலிருந்து மட்டும் என் பெயரை எடுக்க மறந்திருக்கிறார்கள். கதவு திறந்தது. முன்னால் நின்றிருந்த பாய் உள்ளே போனார். அவர் பின்னாலேயே கதவு மூடிக்கொண்டது. ஓடிபிக்கு ஒரு ஆள்தானாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எனக்கு முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டார். மேலே என்ன நடந்தது என்று பிற்பாடு தோழிகள் சொன்னார்கள். மீட்டிங் நடந்த அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "உங்க வீட்டுப் பொண்ணு கைப்பிள்ளையோட வாசல்ல நிக்கிது. நீங்க ஏசி போட்டு ஒக்காந்திருக்கிய!" என்று சத்தம் போட்டாராம். டீம் லீடர் கீழே ஓடி வந்தார்.

"ஐயோ, நீங்க சிஸ்டத்துலயே இல்லையே. வேற கம்பெனிக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகும் சுலபமாக முடியவில்லை. தலைமை அலுவலகத்தில் இருந்தவர், நான்தான் நான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று போனில் கேட்டார். "சார், என் எதிர்ல நிக்கிறாங்க சார்!" என்று டீம் லீடரே கத்தும்படி ஆகிவிட்டது. மாலையில் ஒருவழியாகக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். லிங்க்கில் 'திரும்பி வருகிறேன்' என்று அழுத்தினேன். அதுவரை பாய் போகவில்லை. வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்து, தன் தேங்காய் பேரத்தையும் என் அழைப்புகளையும் ஒரே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லத் தொடங்கியதும் கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

"அத விடு தாயி. ஒன் புது நம்பரச் சொல்லு. இனி எவன் கூப்பிட்டாலும் அதக் குடுத்திருதேன். நான் எம் பொழப்பப் பாக்கணும்."

வேலைக்குத் திரும்பியதும், எதையும் நிறுத்தும் முன் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சாஃப்ட்வேரை மாற்றச் சொன்னேன். "கேட்டா எல்லாரும் வேணும்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் நாம எதை விக்கிறது?" என்றார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டேன். இன்னும் போடுகிறேன். பாதி இறங்கி வந்திருக்கிறார்கள். விடுப்பில் இருப்பவர்களை மட்டும் இப்போது தொடுவதில்லை.

யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் வேலை போய்விடக் கூடாது என்று தன் பிழைப்பை ஒரு நாள் முழுக்கப் போட்டுவிட்டு அலைந்த அந்த மனிதரைப் பார்த்த பிறகு, 'பயன்படாதது' என்று எங்கள் திரையில் ஒரு பெயர் வரும்போதெல்லாம், அந்த ஆள் எங்கே, எப்படி இருக்கிறார் என்று விசாரிக்காமல் அடுத்த பெயருக்குப் போக என்னால் முடிவதில்லை.