பலாமரத்தின் சார்பில்

தை பிறந்து பனி குறையத் தொடங்கினால் எங்கள் கடலூர் வீட்டுத் தோட்டத்தில் வேலை குவிந்துவிடும். மல்லிகையைக் கவாத்து செய்ய வேண்டும், மழையில் இறுகிய மண்ணைக் கொத்திவிட வேண்டும். அப்பா இதற்காக லீவு போடுவார். எனக்கு லீவு தேவையில்லை. கல்லூரி முடித்த நாளிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த முறையும் தேறாவிட்டால் படிப்பை விட்டுவிட்டு செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

வீட்டின் பின்பக்கம் ஒரு பலாமரம். அம்மாவின் அண்ணன், பண்ருட்டி மாமா, கொடுத்த கன்று. வளர்ந்ததே தவிர ஒரு பிஞ்சுகூட விட்டதில்லை. அந்தத் தையில் வந்த மாமா மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடியாத மாடு படியாது மாப்ள, இத மெரட்டணும்" என்றார் அப்பாவிடம்.

ஒருவர் கோடாரியை ஓங்கி, காய்ப்பியா, வெட்டட்டுமா என்று கேட்க வேண்டுமாம். இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்று, காய்ப்பேன், விட்டுடுங்க என்று அதன் சார்பில் கெஞ்ச வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஆர்வம் தாங்கவில்லை. மரத்துக்குக் காது எங்கே? வேரிலா, இலையிலா? மாமாவையே கேட்டேன்.

"காச்சா காது இருக்குன்னு அர்த்தம்டா."

மரமாக நானே நிற்கிறேன் என்று முந்திக்கொண்டு போனேன்.

அப்பா கோடாரியை ஓங்கினார். "இத்தன வருசமா தண்ணி ஊத்துறேன். இந்த வருசமாவது காய்ப்பியா, மாட்டியா?"

குரலில் விளையாட்டு இல்லை. அந்த ஒல்லி மரம் என்னை மறைக்கவும் இல்லை. அவர் என்னையேதான் பார்த்தார். காய்ப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாய் வரவில்லை.

"தெரியலியே. என்னால ஆனதச் செய்யறேன்" என்றேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "டேய் மருமவனே, எந்த மரம்டா தெரியலன்னு சொல்லும்?"

அப்பா சிரிக்கவில்லை. கோடாரியைக் கீழே வைத்தார். "வுடுங்க மச்சான். பொய் சொல்லாம சொல்லுதுல்ல."

பிறகு மண்வெட்டியை எடுத்து மரத்தடியைக் கொத்த ஆரம்பித்தார். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

"நின்னுகிட்டே இருக்காத, போயி எரு கொண்டா" என்றார். "இந்த வருசம் கொஞ்சம் ஜாஸ்தியாவே வைப்போம்."