அரிசி வாளிக்குள் ஒளித்த வானொலி

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைகளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அன்னாரின் வாழ்வை எழுதும் கடமை மூத்த மகளான என்னிடம் வந்து சேர்ந்தது. இப்படியான நினைவு மலர்களில் வழமையாக எழுதுவதை எழுதுகிறேன். வழமையாக எழுதாத ஒன்றையும் எழுதப் போகிறேன்.

அப்பா கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்தவரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தமையன்மார் கிரிக்கெட் விளையாடிய வயதில் இவர் வீட்டு ரேடியோவைக் கழற்றிவிட்டு அடி வாங்கினார். படித்து முடித்து ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். திருமணத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில், கடலை நோக்கிப் போகும் ஒழுங்கையொன்றில் மேல்மாடி வீடு எடுத்தார். கடல் தெரிவதற்காக எடுத்த வீடு என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் எடுத்தது மொட்டைமாடியில் அன்ரெனாக் கம்பி கட்டுவதற்காக. உப்புக்காற்றில் அந்தக் கம்பி அடிக்கடி துருப்பிடித்தது, அம்மா அடிக்கடி சிரித்தார்.

அப்பா பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு பேசும், உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். வெளிநாடு போன நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கிய சிறிய ஜப்பான் செட் ஒன்று அவரிடம் இருந்தது. சப்பாத்துப் பெட்டியளவு இருக்கும், தூக்கினால்தான் பாரம் தெரியும். காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டலாம், கழற்றி வந்து வீட்டு மேசையிலும் வைக்கலாம். சுருள் வயர் மைக்கில் உள்ள பொத்தானை அமத்திப் பேச வேண்டும், விட்டால்தான் மற்றவர் பேசுவது கேட்கும். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை அப்பா வாய் திறக்கமாட்டார். முகம் தெரியாத மனிதர்களோடு மழையையும் வெயிலையும் பற்றிக் கதைப்பார். அரசியல் கதைப்பது அவர்களுடைய வழக்கத்திலேயே இல்லை.

போர் வந்ததும், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் விளக்கம் சொல்லி மாளாது என்று செட்டைக் காரிலிருந்து கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தார். தமிழர்கள் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டும் என்ற கட்டளைப்படி போனபோது, யாரும் கேளாமலே செட்டையும் உரிமத்தையும் காட்டிப் பதிந்துவிட்டு வந்தார். மறைக்க ஒன்றுமில்லாதவரின் நம்பிக்கை அது. ஆனால் பதிந்ததை அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார்.

ஒரு பிற்பகல் பொலிஸாரும் இராணுவத்தினரும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அப்பா வேலைக்குப் போய்க் கந்தோரில் இருந்தார். அம்மாவின் இடுப்பில் என் தம்பி, பால்குடிப் பிள்ளை. அடுத்த ஒழுங்கையில் விளையாட்டு வோக்கிடோக்கி ஒன்றுக்காக ஒருவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற கதை அதற்குள் வந்துவிட்டது. அம்மா செட்டின் வயர்களை இழுத்துப் பிடுங்கி, அதை அரிசி வாளிக்குள் தாட்டு, மேலே அரிசியால் மூடினார். வந்த அதிகாரி, செட் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். “எஹெம எகக் நே மாத்தயா,” அப்படி ஒன்று இல்லை ஐயா என்றார் அம்மா. அதிகாரியின் கையில் அப்பா பதிந்த தாள் இருந்தது. வாளியைக் கவிழ்த்ததும் செட்டோடு சமையலறை நிலம் முழுவதும் அரிசி கொட்டியதை நான் கதவடியில் நின்று கண்டேன்.

அப்பா வரும்வரை காத்திருந்தார்கள். சட்டப்படி வைத்திருக்கும் பொருளை ஒளித்தது யார், ஏன் என்று கேட்டார்கள். அப்பா அரிசியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “மம தமய்,” நான்தான், காலையில் வேலைக்குப் போகுமுன் ஒளித்தேன் என்றார். அம்மா வாய் திறக்கப் போனபோது அப்பா தமிழில் சொன்னார்: “நீர் உள்ளுக்குப் போம். பிள்ளை பசியில அழுது.”

உரிமம் இருந்தும் ஒளித்தவன் என்றால் காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காரணத்தைக் கேட்டு அப்பாவை ஒரு வருடத்துக்கு மேல் தடுத்து வைத்திருந்தார்கள். சொல்ல அவரிடம் ஒரேயொரு காரணம்தான் இருந்தது, அதை அவர் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டதில்லை, அந்தக் காதே போதுமாக இருந்தது. கம்பனி அவரை மீண்டும் எடுக்கவில்லை. மருதானையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதினார். புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு, ஒன்றும் நிரூபிக்கப்படாமல் தள்ளுபடியானது. செட்டைத் திருப்பித் தந்தார்கள். அப்பா மூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து உழுத்துப்போன அரிசி கொட்டுண்டது. அம்மா எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

“ஒண்டும் இல்லாமலே பிடிச்சவங்கள்?” என்று கேட்டவர்கள் உண்டு. கல்யாண மண்டபத்தில் அப்பா வந்து உட்கார்ந்ததும் வேறு கதிரை தேடிப் போனவர்கள் உண்டு. எனக்கு வந்த சம்பந்தம் இரண்டு முறை குழம்பியது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களிலும் அவர்களில் சிலர் இருக்கிறீர்கள். பெயர் எழுதப் போவதில்லை, அப்பா விரும்பமாட்டார். ஆனால் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போர் முடிந்த பின் உரிமத்தைப் புதுப்பித்து, இடது காதில் ஹெட்போனை வைத்து அப்பா மீண்டும் பேசினார். முன்னைப் போல் நீளமாக அல்ல. கடைசியில் இருதயம் தளர்ந்து வைத்தியசாலையில் கிடந்தபோது, “இனியாவது உண்மையைச் சொல்லட்டா அப்பா?” என்று கேட்டேன். “வேண்டாம் பிள்ளை. என்னைப் பற்றி என்னவும் கதைக்கட்டும். அவ கைக்குழந்தையோட தனிய நிண்டவ. பதிஞ்சதை நான் சொல்லியிருந்தா அவ ஏன் ஒளிக்கப் போறா?” என்றார். இரண்டு நாளில் கண்மூடினார்.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்த ஒழுங்கைக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. தெமட்டகொடையிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அப்பாவின் சிங்கள வானொலி நண்பருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சாட்சி சொல்லப் பலரும் பயந்த காலத்தில், “மகே யாளுவா,” என் நண்பன் என்று நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் அவர்.

அப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இந்தச் சம்பவம் இல்லாமல்தான் முதலில் கட்டுரையை எழுதினேன். பிறப்பு, படிப்பு, பொறுமை, பண்பு. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இது ஆரைப் பற்றினது?” என்றார். “அப்பாவைப் பற்றி அம்மா.”

“ஒளிச்சது நான். பொய் சொன்னது நான். அந்த மனிசன் ஒரு பிழையும் செய்யேல்லை. அதை எழுது. இல்லாட்டி எனக்கு மலரே வேண்டாம்.”

எழுதிவிட்டேன். இந்த மலரை இன்று வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் தந்திருப்பவர் அம்மா. பிள்ளைகள் கொடுக்கிறோம் என்றோம், அவர் விடவில்லை. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் உங்கள் முகத்தைப் பார்த்துத் தந்திருப்பார்.