கன்ஃபர்மேஷன் நம்பர்

டெக்சஸை நாங்கள் மூன்று பேரும் காரிலேயே அளந்திருக்கிறோம். மாநிலம் என்று பெயர்தானே தவிர, கிழக்கே கிளம்பினால் மேற்கே போய்ச் சேர ஒரு பகல் போதாது. ஹூஸ்டன் பக்கம் குடிவந்த புதிதில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப முடியுமோ என்று விசா பயம். அதனால் லாங் வீக்கெண்ட் வந்தால் கணவர், நான், மகள், டிக்கியில் ஒரு ஐஸ் பெட்டி, ஒரு ரைஸ் குக்கர் என்று கிளம்பிவிடுவோம். கால்வெஸ்டன் கடல், சான் அன்டோனியோ, வசந்தம் வந்தால் ரோட்டோரம் பூக்கிற நீலப்பூ, பிக் பெண்ட் மலை. புளியோதரை நான் கட்டுவேன். மோட்டலில் சமைக்கக்கூடாது என்பதால் குளியலறைக்குள் குக்கரை வைத்து, ஃபேனைப் போட்டு, கதவிடுக்கில் துண்டைச் செருகிச் சோறு வைப்பேன். மகள்தான் வாசலில் காவல். யாராவது வந்தால் இருமவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு இருமலுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும்.

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது மேற்கு டெக்சஸில், முன்கூட்டியே புக் செய்திருந்த ஒரு மோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த ஆள் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், புக்கிங் இல்லை என்றார். சண்டை என்றால் என் கணவருக்கு உடனே கார் சாவி ஞாபகம் வரும். "வா, வேற எடம் பாக்கலாம்" என்று திரும்பிவிட்டார். வேற இடமாம்! அடுத்த ஊர் எழுபது மைல்.

நான் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் பிசிக்ஸ் நடத்தியவள். கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், "ஐ ஹேவ் தி கன்ஃபர்மேஷன் நம்பர்" என்றேன். அந்த ஆள் ஏதோ சொன்னார். மறுபடி அதையே சொன்னேன். எத்தனை முறை சொன்னேனோ, கடைசியில் மேனேஜர் வந்து, மன்னிப்புக் கேட்டு, கீழ்த்தளத்தில் பெரிய அறையாகவே கொடுத்தார்.

அறைக்குள் நுழைந்ததும் மகள் கட்டிலில் ஏறி, இடுப்பில் கையை வைத்து, என்னைப் போலவே மூக்கை விடைத்து, "ஐ ஹேவ் தி கன்ஃபர்மேஷன் நம்பர்!" என்று கத்தினாள். விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வேதவாக்கு அது. ரோட்டோரப் பழக்கடை மூடியிருந்தாலும், ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டாலும் மூன்று பேரும் சேர்ந்து அதைத்தான் சொல்வோம். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நாட்டில் நான் சம்பாதித்த ஒரே பட்டம் அது.

போன வருடம் மகள் காலேஜுக்கு விண்ணப்பித்தாள். இங்கே மார்க் மட்டும் போதாது, தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும். "குடு அம்மிணி, படிச்சுப் பாக்கறேன்" என்றேன். "இட்ஸ் பர்சனல், அம்மா" என்றாள். வயசுப் பெண், ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன். நல்ல காலேஜில் இடமும் கிடைத்தது. தெரு முழுக்க கேசரி கொடுத்தேன்.

பிறகு காலேஜில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டார்கள். மகளின் ஃபைலில் தேடும்போது அந்தக் கட்டுரை கையில் வந்தது. முதல் வரியே, என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

நின்றபடியே படித்தேன். உணவகத்துக்குள் நுழைய அம்மாவுக்கு வெட்கமாம், அதனால் பார்க்கிங் லாட்டில் ஒளிந்து சாப்பிட்டோமாம். அடிப்பாவி, அந்தப் புளியோதரைக்காக "ரெஸ்டாரன்ட் வேண்டாம்" என்று அடம்பிடித்தவள் நீதானே! அதற்கடுத்து மோட்டல். கவுண்டர் முன்னால் அம்மா தலைகுனிந்து அழுகிறாள். எட்டு வயதுக் குழந்தை நுனிக்காலில் எம்பி நின்று, அம்மாவுக்காகப் பேசுகிறது: ஐ ஹேவ் தி கன்ஃபர்மேஷன் நம்பர்.

அந்த இடத்தில் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. வெரி குட், அம்மாவின் கண்ணீரை இன்னும் கொஞ்சம் சேர். யார் கையெழுத்து என்று கேட்கவேண்டாம். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் விலாசம் எழுதிய அதே கையெழுத்து.

"ஏங்க, நான் எப்பங்க அழுதேன்?" என்று கேட்டேன்.

"அட்மிஷன் கெடைக்கணும்ல? எல்லாரும் கொஞ்சம் மசாலா சேர்க்கறதுதான்."

"மசாலாவுக்கு அரைக்க நான்தான் கெடைச்சேனா?"

அவர் கண் கார் சாவியைத் தேடியது.

மகளைக் கேட்டால் அழுதாள். "நத்திங் பேட் எவர் ஹேப்பண்ட் டு மீ, அம்மா. எழுத எதுவுமே இல்ல" என்றாள். கெட்டது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டதற்குத் தண்டனையா இது? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கையால் உண்ட இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து செய்வார்கள் என்று நினைத்ததில்லை. நான் அடுத்த அறையில் வேலையாக இருக்கும்போது, அப்பாவும் பெண்ணும் கதவைச் சாத்திக்கொண்டு என்னை ஊமையாக்கியிருக்கிறார்கள். ஒரு வாரம் நான் யாரிடமும் பேசவில்லை.

மே மாதம் பள்ளியில் பரிசளிப்பு விழா. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். பெற்ற மனம், போய்விட்டேன். முடிந்ததும் பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பங்களுக்கு வழிகாட்டுகிற பள்ளி கவுன்சிலர் அம்மா எங்களிடம் வந்தார். மகளைக் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டுரையை மறக்கவே முடியாது, அதிலும் அந்தக் கன்ஃபர்மேஷன் நம்பர் இடத்தில் அழுதுவிட்டேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, "யூ... மஸ்ட் பீ... சோ... ப்ரௌட்" என்றார்.

பதில் நாக்கு நுனியில் நின்றது. தினமும் ஆபீஸ் மீட்டிங்கில் நான் அதிகம் பேசுகிறேன் என்று என் மேனேஜரே அலுத்துக்கொள்வார். ஒரே ஒரு வாக்கியம் போதும், அத்தனையும் வெளியே வந்துவிடும். மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பொய் எழுதினாள் என்று தெரிந்தால் கிடைத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தேங்க்... யூ" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கட்டுரையில் இருந்த அம்மா எப்படி நின்றாளோ, அப்படியே நின்றேன். கவுன்சிலரின் கண் கலங்கியது.

காரில் கணவர் ஓட்டினார். நான் பக்கத்தில். கார் ஃப்ரீவே ஏறியது. பின்சீட்டிலிருந்து மகள், "அம்மா, ஐ ஆம் சோ சாரி" என்றாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது அம்மிணி. தமிழ்ல சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். எங்கள் வீட்டில் அதற்குத் தமிழ்ச் சொல்லை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அழுகையோடு, "அப்பா, ஹவ் டூ யூ சே சாரி இன் தமிழ்?" என்று கேட்டாள்.

அவர் இண்டிகேட்டரைப் போட்டு லேன் மாறினார்.